வலப்பக்கத்து இடம்

அவளுக்கு நண்டு என்று பெயர் வைத்ததே அவளுடைய நாத்தனார்தான். அப்போது நாத்தனார் ஆகியிருக்கவில்லை. இருவரும் பாவாடை சட்டை போட்ட பிள்ளைகளாக, ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்த டேபிள் டென்னிஸ் கூடத்தில் முதன்முதலாகச் சந்தித்தபோது, "ஏய், நீ ஏன் முன்னாடி போகவே மாட்டேங்கிறே? நண்டு மாதிரி பக்கவாட்டுலயே ஓடுறே?" என்று கேட்டாள் அந்தப் பெண். பெயர் ஒட்டிக்கொண்டது. கேட்டவளுக்கு ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் இருந்தது: வாலு. கூடத்துச் சுவரில் இருந்த 'சத்தம் போடாதீர்' என்ற எழுத்தைக் கரித்துண்டால் 'சத்தம் போடுவீர்' என்று திருத்தியவள் அவள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அழிக்கவில்லை.

கீழே அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேலே தரை அதிரும், மேசை அதிரும், பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அந்த அதிர்வில் ஆடிப் பழகியதால்தானோ என்னவோ, எந்த ஊர் மேசைக்கும் இருவரும் பயந்ததில்லை. வாலு இடதுகைக்காரி. நண்டு வலதுகை. இரட்டையர் ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஒருத்தி ஒரு பந்தை அடித்தால் அடுத்ததை மற்றவள்தான் அடிக்க வேண்டும்; முறை மாறினால் புள்ளி போய்விடும். ஆகவே அந்த ஆட்டத்தில் அடிப்பது பாதி, விலகுவது பாதி. நண்டு அடித்துவிட்டு இடப்பக்கம் விலகுவாள். அவள் விட்ட இடத்துக்கு வலப்பக்கத்திலிருந்து வாலு பாய்ந்து வருவாள். அடித்துவிட்டு அவளும் நாக்கைக் கடித்தபடி தன் பக்கமே திரும்பிப் போவாள். இரட்டைக் கதவுகள் திறந்து மூடுவதுபோல இருக்கும். ஆட்டத்தைத் தொடங்க நண்டு பந்து வீசும்போதெல்லாம் வாலு இடது காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். 'நான் இருக்கேன், போடு' என்று அதற்கு அர்த்தம்.

வயது ஏற ஏற நண்டுவின் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். வாலு அவளைப் படிக்கட்டில் மறித்தாள்.

"நீ பாட்டுக்கு எவனையாவது கட்டிக்கிட்டு எங்கேயாவது போயிட்டா நான் யார்கூட ஆடுறது? பேசாம எங்க அண்ணனைக் கட்டிக்கோ. ஆளு வாயே திறக்காது. லிப்ட் ரிப்பேர் பண்ணும். வேற கெட்ட பழக்கம் கிடையாது."

விளையாட்டுக்குச் சொன்னது வினையாகவில்லை, கல்யாணமாகவே முடிந்தது. "ஊர்ல எல்லாரும் புருஷனுக்காக நாத்தனாரைப் பொறுத்துக்குவாங்க. இவ நாத்தனாருக்காகப் புருஷனைப் பொறுத்துக்கிட்டா" என்று நண்டுவின் கணவனே எப்போதாவது வாய் திறந்து சொல்வான். சொல்லிவிட்டு வேலைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

நண்டுவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்தின் கம்பியைச் சூடான மணலில் செருகி எடுத்து, வந்தவர் காதுக்கு ஏற்றபடி வளைப்பாள். கடுகைவிடச் சிறிய திருகாணிகளை முடுக்குவாள். வேலை முடிந்ததும் நேரே அச்சக மாடி. அங்கிருந்து வீடு. வீட்டுச் சமையலறையில் மூன்றாவது ஆள் நின்றால் மூச்சுவிட இடமிருக்காது. ஆனால் நண்டுவும் வாலுவும் அங்கே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டதே இல்லை. அடுப்பிலிருந்து இவள் விலக, அந்த இடத்துக்கு அவள் வர, தொட்டியடிக்கு இவள் போக, எல்லாம் மேசைக்கு முன்னால் நடப்பதுபோலவே நடக்கும். தொலைபேசி நிலையத்தில் ஆயுள் முழுக்க இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்ற மாமியார், கூடத்தில் உட்கார்ந்தபடி பாத்திரச் சத்தத்தை வைத்தே யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அவ்வளவு கூர்மையான காது. ஆனால் மகளும் மருமகளும் ஆடுவதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. கூப்பிட்டால், "அந்தப் பந்து போறதையும் வர்றதையும் பார்த்தா எனக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிவிடுவாள்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பெரிய விளையாட்டு விழா ஒன்றுக்கு இரட்டையர் பிரிவில் இருவரும் தேர்வானார்கள். வாலு அன்றைக்கு அச்சகத்தில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். 'எங்களை அதிரவைத்ததற்கு நன்றி' என்றாள்.

புறப்பட இன்னும் சில வாரங்கள் இருந்தபோது, ஒருநாள் காலைப் பயிற்சிக்கு முன் வாலு பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. நண்டு மட்டையின் ரப்பரைத் துடைத்துக்கொண்டே, "எந்திரிடி, நேரமாச்சு" என்றாள். வாலு குனிந்தபடியே இருந்தாள். "உன் வாலை என்கிட்ட ஆட்டாதே" என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டினாள். வாலு அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முன்கூட்டியே தெரிந்திருக்க வழியில்லை, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் நண்டுவுக்கு அதில் ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை. தான் சிரித்தது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

சாவு வீட்டுக் கூட்டம் கலைந்து, நாற்காலிகள் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு காலையில் நண்டு அடுப்படியில் நின்றிருந்தாள். மாமியார் தண்ணீர் குடிக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நண்டு பாத்திரத்தை இறக்கிவிட்டு, ஓரடி இடப்பக்கம் விலகி, ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு மறுபடி அடுப்புக்கு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அப்படியே.

"யாருக்கு வழி விடுறே?" என்று கேட்டாள் மாமியார்.

நண்டுவுக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது தன் காலடியைப் பார்த்தாள். தான் விலகுவது அவளுக்குத் தெரியவே தெரியாது. "ஒண்ணுமில்ல அத்தை. பழக்கம்" என்றாள்.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு சொல்லுவாங்க" என்று முணுமுணுத்துவிட்டு மாமியார் போனாள். ஆனால் மறுநாள் காலை ஒரு முக்காலியைத் தூக்கிவந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதற்கடுத்த நாளும். பேச மாட்டாள், உதவ மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். தான் வேலை செய்யும் லட்சணத்தைக் கண்காணிக்கிறாள் என்று நண்டு நினைத்தாள்.

டேபிள் டென்னிஸ் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். வாலுவின் இடத்துக்கு வேறு ஊர்ப் பெண் ஒருத்தியைப் போட்டிருக்கிறோம், நீ வர வேண்டும் என்றார்கள். நண்டு முடியாது என்றாள். கணவன் வழக்கம்போல வேலைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாமியார்தான் முக்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "போயிட்டு வா. அவ ஆசைப்பட்ட இடம். நீ போனா அவளும் போன மாதிரிதான்."

புதுப் பெண் நெடுநெடுவென்று வளர்ந்தவள். கால்களைத் தூக்கித் தூக்கி வைப்பாள். எல்லோரும் அவளைக் கொக்கு என்றே கூப்பிட்டார்கள். "நண்டுக்குக் கொக்கு ஜோடியா? விளங்கின மாதிரிதான்" என்று பயிற்சி முகாமில் ஒருவர் விடாமல் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தது பலித்தது. கொக்கு வலதுகைக்காரி. இரண்டு வலதுகை சேர்ந்தால் அடித்தவள் பின்வாங்கி, மற்றவளைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நண்டு எவ்வளவு முயன்றாலும் அடித்ததும் உடம்பு இடப்பக்கம்தான் போனது. அங்கிருந்துதான் கொக்கு வந்துகொண்டிருப்பாள். மோதல். முழங்கை, தோள், ஒருமுறை மூக்கு. பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது ஆட்டமா, பஸ்ல சீட்டுப் பிடிக்கிறதா?" என்றார்.

கொக்கு பொறுமைசாலி. மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவள், ஒருநாள் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க என்னை இடிக்கணும்னு இடிக்கல. வலப்பக்கம் யாருக்கோ இடம் விடுறீங்க. அவங்களுக்குத்தானே?"

நண்டு மட்டையைப் பெஞ்சில் வைத்தாள். கண் நிறைந்தது.

"அப்ப நான் அந்தப் பக்கமே நின்னுக்கிறேன்" என்றாள் கொக்கு. "எனக்கு பேக்ஹேண்டுல, புறங்கையாலதான் ஆட வேண்டியிருக்கும். பரவாயில்ல. உங்களை மாத்துறதைவிட என்னை மாத்துறது சுலபம்."

அன்று மாலை கொக்கு முதன்முறையாக வலப்பக்கம் போய் நின்றாள். மோதல் நின்றது. பந்து மேசைக்கு மேல் போய்ப் போய் வந்தது. பயிற்சியாளர் வாயைப் பிளந்தபடி பார்த்தார். பயிற்சி முடிந்ததும் கொக்கு தன் இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அந்த இடம் ஜில்லுனு இருக்குக்கா. ஏசி அந்தப் பக்கம் இருக்கா என்ன?" என்று நிமிர்ந்து பார்த்தாள். ஏசி எதிர்ச்சுவரில் இருந்தது. 

போட்டி நடந்த அரங்கு அவர்கள் அதுவரை பார்த்திராத அளவு பெரிது. ஒரே நேரத்தில் நான்கு மேசைகள். ஒவ்வொன்றையும் சுற்றி இடுப்பளவு நீலத் தட்டிகள். விளக்கு மேசைமேல் மட்டும் கொட்டும். பார்வையாளர்கள் இருட்டில் இருப்பார்கள், கைதட்டல் மட்டும் வரும். பக்கத்து மேசையில் ஆடுபவர்கள் கத்துவதும் பந்து பட்டுத் தெறிப்பதும் ஒன்றோடொன்று கலந்து, கூரைக்குப் போய்த் திரும்பி வரும். முதல் சுற்றில் யாரும் எதிர்பாராத வகையில் சுலபமாக ஜெயித்தார்கள். எதிரிகளுக்குக் கொக்கு நிற்கும் இடமே புரியவில்லை. வலதுகைக்காரி இடதுகைக்காரியின் இடத்தில் நின்று ஆடினால் யாருக்குத்தான் புரியும்?

இரண்டாவது சுற்றில் ஒரு காரியம் நடந்தது. நண்டு பந்து வீசத் தயாரானபோது எதிரே பந்தை எடுக்க நின்றவள் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள். உயரமான நாற்காலியில் இருந்த நடுவரிடம் ஏதோ முறையிட்டாள். நடுவர் கொக்குவைச் சைகையால் அழைத்தார்.

"உங்க ஜோடி வீசும்போது நீங்க காலால தரையைத் தட்டுறீங்களாம். எதிர்ல இருக்கிறவங்களுக்கு இடைஞ்சலா இருக்காம். வேணாம்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது கொக்குவுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. புரிந்ததும், "நான் எங்கே தட்டினேன்?" என்று தன் கால்களையே குனிந்து பார்த்தாள். நண்டுவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, சத்தியமா நான் தட்டலக்கா."

"தெரியும்" என்றாள் நண்டு. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தத் தட்டல் முதல் சுற்றிலிருந்தே அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். வாலு தட்டுவதைப் பற்றிக் கொக்குவிடம் அவள் சொன்னதும் இல்லை.

பக்கத்து மேசைச் சத்தமாக இருக்கலாம். மரத்தளம் ஓரிடத்தில் போட்ட சத்தத்தை இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும். நடுவரும் அப்படித்தான் முடிவு செய்திருக்க வேண்டும், மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். கை குலுக்கும்போது எதிரணிப் பெண் கொக்குவின் கால்களையே முறைத்துக்கொண்டு போனாள்.

காலிறுதியில் எதிரே நின்றவர்கள் மலை போன்றவர்கள். அந்த ஜோடியிடம் தோற்பது அவமானமில்லை என்று பயிற்சியாளரே முன்கூட்டி மனதைத் தேற்றி வைத்திருந்தார். ஆனால் ஆட்டம் கடைசிச் செட் வரை போனது. நண்டு வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. யோசிக்கவில்லை, அடித்தாள், விலகினாள், அடித்தாள், விலகினாள். இருட்டுக்குள்ளிருந்து வந்த கைதட்டல் அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரே ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலையில் பந்து நெடுநேரம் சாகாமல் போய் வந்தது. நண்டு ஓங்கி அடித்துவிட்டு இடப்பக்கம் விலகினாள். எதிராளி அதைத் தடுத்து வலது மூலைக்குத் தள்ளினாள். அடிக்க வேண்டியவள் கொக்கு. ஆனால் கொக்குவின் கால் வழுக்கி, தட்டியோரம் ஒரு கையை ஊன்றியபடி கிடந்தாள்.

நண்டு அதைப் பார்க்கவே இல்லை. அவளைப் பொறுத்தவரை பந்து இந்நேரம் திரும்பியிருக்க வேண்டும். வலப்பக்கத்தில் மூச்சு கேட்டது. ஷூ தரையில் உரசியது. இடது கை சுழலும்போது எழும் அந்தச் சின்னக் காற்று அவள் கன்னத்தில் பட்டது. அடுத்த பந்துக்காக அவள் முன்னால் வந்து, மட்டையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நின்றாள்.

பந்து தரையில் துள்ளித் துள்ளித் தட்டியில் மோதி நின்றது. அரங்கம் ஆரவாரித்தது. எதிரணியினர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நண்டு மட்டும் மட்டையைத் தாழ்த்தியபடி அப்படியே நின்றாள். கொக்கு எழுந்து வந்து தோளைத் தொட்டு, "முடிஞ்சிருச்சுக்கா" என்று சொன்ன பிறகுதான் வலப்பக்கம் திரும்பினாள். அங்கே யாருமில்லை. கொக்குதான் நின்றாள், முழங்கையில் தோல் உரிந்து.

இதுவரை நடந்தது ஒரு பங்கு. நண்டுவை அதிகம் உலுக்கியது அதன் பிறகு நடந்ததுதான்.

வீடு திரும்பிய மறுநாள் காலை சமையலறைக்குப் போனாள். மாமியார் முக்காலியோடு வந்து உட்கார்ந்தாள். நண்டு அடுப்பில் ஏற்றினாள், இறக்கினாள், தொட்டிக்குப் போனாள், திரும்பினாள். மாமியார் முன்னால் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே வந்து மருமகளின் வலப்பக்கம் நின்றாள். நண்டு திரும்பிய வேகத்தில் அவள்மேல் மோதினாள். கிண்ணம் கீழே விழுந்து உருண்டது.

"ஏன் இடிக்கிறே?" என்றாள் மாமியார்.

"நீங்க திடீர்னு உள்ளே வந்தா..."

"போறதுக்கு முன்னாடி நான் தண்ணி எடுக்க உள்ளே வர்றப்பகூட நீ இடிக்கல. தானா விலகுவே." மாமியாரின் குரல் உடைந்தது. "நான் தினமும் எதுக்கு இங்கே வந்து உட்கார்ந்தேன்னு நினைச்சே? உன்னைப் பார்க்கவா? நீ விலகுறப்ப அந்த இடத்துல எம் பொண்ணு வந்து நின்னுட்டுப் போவா. அவ பாத்திரத்தைத் தொடுற சத்தம்கூட எனக்குக் கேட்கும். இப்ப ஒண்ணுமே கேட்கல. அவளை அங்கேயே விட்டுட்டு வந்துட்டியாடி?"

நண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விமானத்தில் ஏறியதிலிருந்து ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. பயணக் களைப்பு என்றும், தோல்வியின் வருத்தம் என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது புரிந்துவிட்டது. வலப்பக்கம் வெறும் காற்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மட்டையைத் தொடவில்லை. கண்ணாடிக் கடை, வீடு, கடை. பேய் பிடித்தால் ஓட்ட ஆள் தேடுவார்கள். பிடித்தது போய்விட்டதே என்று தவிப்பவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? வேண்டுமென்றே இடப்பக்கம் விலகிப் பார்த்தாள். அது வெறும் நடிப்பு என்பது அவளுக்கும் தெரிந்தது, மாமியாருக்கும் தெரிந்தது. முக்காலி பழையபடி கூடத்துக்குப் போய்விட்டது. இருவரும் சாப்பிடும்போதுகூட அவசியத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிய கணவன், ஊரில் உள்ள லிப்டுகளெல்லாம் ஒரேயடியாகப் பழுதாகிவிட்டதுபோல வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் வந்து போன பிறகு ஒருநாள் மத்தியானம், கடையில் ஒரு வாத்தியாரின் காதுக்குக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கொக்கு.

"அக்கா, சிரிக்காதீங்க. நான் இப்ப வேற ஒரு பொண்ணுகூட ஜோடி. அடிச்சதும் இடப்பக்கம் விலகிடுறேன். அந்தப் பொண்ணு மேலேயே போய் விழறேன். கோச்சு கத்துறார், யாருக்கு இடம் விடுறேன்னு." குரல் தாழ்ந்தது. "உங்க நாத்தனார் காலைத் தட்டுவாங்களா அக்கா? இடது கால்ல?"

நண்டுவுக்கு முதலில் பயம் வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் நேற்று வந்த ஒருத்தியிடம் போய் நிற்கிறாளே என்று நெஞ்சு கொதித்தது. மணலில் செருகிய கம்பி கருகிப்போனது. வாத்தியார் இருமினார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்தாள், முடியவில்லை. மாமியார் கேட்டுவிட்டு முக்காலியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு?" என்றாள்.

கடையில் லீவு கிடைத்துக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் ஆனது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே மாமியார் ஒன்றைச் சொன்னாள். வாலு சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய முதல் போட்டிக்கு மாமியாரும் போயிருந்தாளாம். வாலு தோற்றுப்போனாள். அழுதுகொண்டே வந்து, "நீ வந்து உட்கார்ந்ததாலதான் தோத்தேன். இனிமே வராதே" என்றாளாம். குழந்தைப் பேச்சு. மறுநாளே மறந்துபோயிருப்பாள். "நான்தான் மறக்கல. நான் போயி அவ தோத்துட்டா என்ன பண்றதுன்னு கடைசி வரைக்கும் போகவே இல்ல."

"தலை சுத்தும்னீங்களே அத்தை."

"தலை எங்கே சுத்துச்சு? மனசுதான்."

கொக்குவின் ஊரில் பயிற்சிக்கூடம் ஒரு பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் இருந்தது. தகரக் கூரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கு ஓடிவந்து நண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரைப் பார்த்ததும் முகம் வாடியது.

"நீங்க கிளம்பின பிறகுதான் நினைச்சேன், சொல்லியிருக்கணும்னு. போன வாரத்துல இருந்து இல்லக்கா. ஒருநாள் காலைல வந்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. நான் பாட்டுக்குச் சுத்தி வந்தேன். யார் மேலயும் மோதல. சத்தமும் இல்ல."

"எங்கே போனா?" என்று கேட்டாள் மாமியார், கடைக்குப் போன மகளை விசாரிப்பதுபோல.

"தெரியலையேம்மா."

கூடத்தில் ஆறேழு மேசைகளில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமியார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். யார் விலகுகிறாள், யார் நிற்கிறாள் என்று கூர்ந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டும் பார்த்தாள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, மேசைகள் காலியாகி, கடைசியில் இவர்கள் மூவர் மட்டும் மிஞ்சினார்கள். அழுவாள் என்று நண்டு நினைத்தாள். மாமியார் அழவில்லை.

"அவ எப்படி ஆடுவா?" என்றாள். "அவ வளர்ந்த பிறகு நான் பார்த்ததே இல்லையே. நீதானே பக்கத்துல நின்னே. சொல்லு."

நண்டு சொல்லத்தான் வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. இடது கை இப்படிப் போகும் என்றாள், தோள் முதலில் இறங்கும் என்றாள், அதெல்லாம் ஒன்றும் வாலு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. எழுந்து போய்க் கொக்குவின் பையிலிருந்து இன்னொரு மட்டையை எடுத்தாள். வலது கையில் பிடித்தவள், ஒரு கணம் நின்று, இடது கைக்கு மாற்றினாள்.

"போடு" என்றாள் கொக்குவிடம்.

முதல் பந்து வலையில் பட்டது. அடுத்தது கூரைக்குப் போனது. மாமியார் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதற்கடுத்தது மேசையில் விழுந்தது. பிறகு விழுந்துகொண்டே இருந்தன. ஆயுளில் இடது கையால் ஒரு பந்தும் அடித்தறியாதவள், வலப்பக்கம் போய் நின்று, தோளை இறக்கி, மணிக்கட்டைச் சுழற்றி அடித்தாள். அடித்ததும் துள்ளி, வலப்பக்கமே திரும்பினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். தான் நாக்கைக் கடிப்பது அவளுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. கொக்கு வேகத்தைக் கூட்டினாள், பந்து அதே வேகத்தில் திரும்பியது. மூலைக்கு அனுப்பினாள், அங்கேயும் அந்தக் கை போனது.

கொக்குவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. பந்தைக் கையில் பிடித்து நிறுத்தினாள். மட்டையை மேசைமேல் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனாள். எதிரே நின்றவளைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

பெஞ்சிலிருந்து மாமியார் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தியிருந்தவள், கைகளை எடுத்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டே?" என்றாள். "போடு."

கொக்கு மட்டையை எடுத்தாள்.